மூச்சுக்குழாயைத் தாங்கிய தசை

என் வியர்வை காய்ந்தால் கழுத்தில் உப்புப் பூக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற பிறவி நோய் எனக்கு. சளி கோந்துபோல் கெட்டிப்பட்டு மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். இந்தப் பெயர் தெரிவதற்கு முன் எல்லோரும் ஆஸ்துமா என்றே நம்பினார்கள். அப்போது கொடுத்த இன்ஹேலர், நோயின் பெயர் மாறிய பிறகும் என்னோடு தங்கிவிட்டது. தினமும் காலையில் அப்பா அதைக் குலுக்கி என் வாயருகே பிடிப்பார். பிறகு முதுகில் தட்டிச் சளியை இளக்குவார். அவர் கணக்கு வாத்தியார், தட்டுவதிலும் பிசகு இருக்காது.

விலங்கியல் பட்டம் முடித்ததும் சென்னையில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். "ஊதுற டெஸ்ட்ல நம்பர் குறையாம இருந்தா போ" என்றார் அப்பா. நுரையீரலுக்கு நுழைவுத் தேர்வு வைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன், வேறு வழி?

வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் வந்த வாரம் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். பரீட்சைக்கு அனுப்புவதுபோல் அப்பா என் நெற்றியில் விபூதி பூசிவிட்டிருந்தார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் என்னை நிறுத்தி, பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார்.

"டெஸ்டுக்கு முன்னாடி போடக் கூடாதுன்னாங்களேப்பா?"

"சும்மா இரு. ரெண்டு பஃப் போட்டா மூச்சு நல்லா விரியும். நாலு மார்க் கூட வரும்."

தேர்வு அறை வாசலில் கடைசி நேரத்தில் ஒரு கேள்வியைச் சொல்லித்தரும் வாத்தியார் புத்தி, எங்கே போகும்? இழுத்துக்கொண்டேன்.

"ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும்!" என்று பரிசோதனை செய்த அக்கா கத்த, கண்ணில் நீர் வரும்வரை ஊதினேன். எவ்வளவு காற்றை வேகமாக ஊதித் தள்ள முடிகிறது என்று காட்டும் நம்பர் போன தடவையைவிடக் குறைந்திருந்தது. அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று.

டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "காலைல பஃப் போட்டீங்களா?" என்றார். அப்பா தலையைச் சொறிந்தார். மறுநாள் மருந்து இல்லாமல் வரச் சொன்னார்கள். போனேன். நம்பர் பழையபடி வந்தது. அங்கேயே இன்ஹேலரை இழுக்கவைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். குறைந்தது!

எனக்குச் சென்னையே மறந்துபோயிற்று. மூச்சுக்குழாயைச் சுற்றி மென்தசை உண்டு. நாம் சொல்லிக் கேட்காது, தானே இறுகும், தானே தளரும். இன்ஹேலர் மருந்து அதைத் தளர்த்தினால் வழி அகலும் என்றுதான் கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். பிறகு ஏன் குறைகிறது?

"பல வருஷச் சளியிலயும் இன்ஃபெக்ஷன்லயும் உன் குழாய்ச் சுவர் தொளதொளன்னு ஆயிடுச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "இளநீர்ல ஊறுன காகித ஸ்ட்ரா மாதிரி. சுத்தியிருக்கிற தசை கொஞ்சம் இறுகியிருக்கிறதாலதான் அது மடங்காம நிக்குது. மருந்து அதைத் தளர்த்திட்டா, வேகமா ஊதும்போது சுவர் அமுங்கிடுது. எல்லாருக்கும் இப்படி இல்ல, நிறைய பேருக்கு மருந்து நல்லாவே கேக்கும். உனக்கு இப்ப வேணாம்."

அத்தனை காலம் என் கழுத்தை நெரிப்பதாக நான் திட்டித் தீர்த்த தசை, என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது! விடாமல் கேட்டேன். இந்த நோய் அந்தத் தசையையே மாற்றுகிறதா? ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், முழுதாகத் தெரியவில்லை என்றார். தெரியவில்லை என்ற பதில் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சென்னையில் எதைப் படிப்பது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்பாதான் மெல்லக் கேட்டார். "அப்ப இத்தனை வருஷமா நான் குடுத்ததெல்லாம்...?"

"கெடுதல்னு நினைக்காதீங்க சார். சின்ன வயசுல உதவிகூடப் பண்ணியிருக்கலாம்."

அவர் தலையாட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா இன்ஹேலரைப் பையின் அடியில் தள்ளிவைத்தார். நான் சென்னைக்குப் போகலாமா கூடாதா என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பாபநாசம் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

"ஹாஸ்டல்ல உன் ரூமுக்கு வர்ற பொண்ணு நல்ல பொண்ணா இருக்குமா?"

"தெரியலையேப்பா. ஏன்?"

"மொத நாள் நானும் வர்றேன். முதுகு தட்ட அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்துடறேன்."