சுவிச்சக்கா அணைத்த பெட்டி

எங்கள் மாடியில் எதிர் வீட்டு அம்மாவுக்குச் சுவிச்சக்கா என்று பெயர். ஒரு பெரிய அலுவலகத்தில் துப்புரவு வேலை. சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் இவர் உள்ளே போவார். மேசை துடைத்து, குப்பைக்கூடைகளைக் காலி செய்து, தரையைக் கழுவியதும் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கு, விசிறி, கணினித் திரை, சுவரில் இருக்கும் பிளக் என்று கண்ணில் படுவதையெல்லாம் அணைத்துவிட்டு வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதையோ அணைக்காமல் விட்டு, வயர் கருகி, மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். அன்று பிடித்தது இந்தப் பழக்கம். வீட்டிலும் அதே கதைதான். மாடிப்படி விளக்கைப் போகிறபோக்கில் அணைத்துவிட்டுப் போவார். பாதிப் படியில் இருட்டில் நின்றுகொண்டு நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன்.

அந்தப் பெயரை வைத்தது அவர் வீட்டுக்காரர். பஸ் டிரைவர். அந்த மனிதர் பஸ் ஓட்டியது கையாலா வாயாலா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொடங்குகிற பேச்சு, இலையில் கை வைத்தும் நிற்காது. எதிர் வீட்டில் இருக்கும் நானே அவர் சொல்லும் கதைகளுக்கு முடிவு தெரியாமல் கதவருகே நின்றிருக்கிறேன். சுவிச்சக்கா தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்: “உங்க வாய்க்கு ஒரு சுவிச்சு இருந்தா, மொதல்ல அதத்தான் அணைப்பேன்.” அவர் அதற்கும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

பிறகு நோய் வந்தது. நரம்புக் கோளாறு. முதலில் கியர் போடும்போது கை நழுவியது. அப்புறம் கால். அதற்கப்புறம் நாக்கு. அத்தனை பேசிய வாய் தண்ணீர் கேட்கக்கூட முடியாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

கடைசியில் அவருக்கு மிஞ்சியது கண்ணும் வலது கைக் கட்டைவிரலும்தான். சுவிச்சக்காவின் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பழைய கணினியை வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். மருத்துவமனையில் அதில் பேச உதவும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். திரையில் எழுத்துக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலுக்கடியில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எழுதி முடித்ததைப் பெட்டி படித்துச் சொல்லும். ஒரு வரி எழுத அரைமணி நேரம் ஆகும். ஆனாலும் மனிதர் விடவில்லை. ரசத்தில் உப்பில்லை என்பதைக்கூட எழுத்து எழுத்தாகக் கோத்துச் சொன்னார். கட்டைவிரலும் சீக்கிரம் போய்விடும் என்று மருத்துவர் சொன்ன அன்று அவர் எழுதியது இதுதான்: “அது போறதுக்குள்ள உனக்கு ஒண்ணு எழுதணும்.” என்ன என்று மனைவி கேட்டதற்கு, எழுதினால் தெரியும் என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டும் போனார். நேரம் நிறைய இருப்பதாக நினைப்பது மனித புத்தி.

ஒரு நாள் காலையில் பெட்டியைப் போட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மத்தியானமும் சுற்றியது. பழுது பார்க்கிறவர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் சிஸ்டம் கெட்டுப்போய்விட்டது, அது காலாவதியானது, புதிய சிஸ்டம் இந்தப் பெட்டியில் ஏறாது என்று உதட்டைப் பிதுக்கினார். நேற்றுவரை ரசத்தில் உப்பில்லை என்று சொன்ன பெட்டி இன்று எப்படிக் காலாவதியாகும்? நன்றாக இருக்கும் பொருளைப் பழசு என்று சொல்வதற்கென்றே உலகத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவமனையில் கேட்டதற்கு வேறு பெட்டிக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். கட்டைவிரல் காத்திருக்குமா என்று அவர்கள் சொல்லவில்லை.

அந்த நாட்களில் சுவிச்சக்கா வாயாலேயே எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தார். க வரிசையா, ச வரிசையா என்று கேட்பார். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் ஆமாம். இரண்டு முறை என்றால் இல்லை. வரிசை கிடைத்தால் அப்புறம் கா, கி, கீ, கு. தமிழில் இத்தனை எழுத்து எதற்கு என்று அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நடுவில் வீட்டுக்காரர் சும்மா இமைத்தாலும் கணக்குத் தப்பிவிடும். ஒரு மத்தியானம் முழுக்கப் பாடுபட்டுக் கிடைத்த சொல் ‘முதுகு’. சொறிந்துவிடப் போனபோது அரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் உண்டு. சுவிச்சக்கா அவரைத் தம்பி என்பார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விசாரித்து, ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். அதில் லினக்ஸ் என்று வேறொரு சிஸ்டம் இருந்தது. பழைய பெட்டியிலும் ஓடும். எழுத்துக் கட்டங்களையும் அதிலேயே போட்டுவைத்திருந்தார். “இப்போதைக்கு இதச் செருகி ஓட்டிப் பாருங்கக்கா. பெட்டிக்குள்ள எதையும் தொடாது, எதையும் கெடுக்காது. அவருக்குச் சரிப்பட்டா ஞாயித்துக்கிழமை நானே வந்து ஏத்தித் தரேன்,” என்றார். கெடுக்காது என்ற ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு சுவிச்சக்கா வீடு வந்தார். ஏற்கெனவே பெட்டி கெட்டுப்போனவர்களுக்கு அதுதான் காதில் விழும்.

மறுநாள் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். பென் டிரைவைச் செருகிப் பெட்டியைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. போச்சு, இருந்ததும் போச்சு என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஊதா நிறத்தில் ஒரு திரை வந்தது. எல்லாம் இடம் மாறியிருந்தது. கீழே இருக்க வேண்டியது ஓரத்தில் இருந்தது. அணைக்கும் பொத்தான் மேலே போயிருந்தது. பிறர் வீட்டு அடுக்களையில் கரண்டி தேடுவதுபோலத் தேடி எழுத்துக் கட்டங்களைப் பிடித்தோம். பொத்தானைச் சுவிச்சக்கா வீட்டுக்காரரின் விரலுக்கடியில் வைத்தார். வெகுநேரம் கழித்துப் பெட்டி பேசியது. குரலும் வேறு. தட்டையான, உயிரே இல்லாத குரல். “யாருடி இவன். எனக்கு மேல நோயாளியா இருக்கான்.”

சுவிச்சக்கா சிரித்த சிரிப்பில் கீழ்மாடியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டுக்காரர் எழுதத் தொடங்கினார். வட்டம் சுற்றியது அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். இனி நாளைக்கு என்ற பேச்சு இல்லை. ராத்திரியிலும் பெட்டியை அணைக்கவே விடவில்லை. சுவரில் இருந்த பிளக்கை அணைக்கப் போன மனைவியின் கையைக் கண்ணாலேயே நிறுத்தினார். தூங்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எழுதினார். சுவிச்சக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் அவருடைய அக்காதான் வந்து கூட இருப்பவர். இவன் விடாமல் எழுதுகிறான், படித்துச் சொல்லும் பொத்தானை மட்டும் அழுத்தமாட்டேன் என்கிறான், கிட்டே போனால் முறைக்கிறான் என்று அந்த அம்மா வந்து சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் சுவிச்சக்கா கேட்டதற்கு வந்த பதில் இரண்டே சொல்: “நாளைக்கு. முடியல.” விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, நாத்தனாரும் இவருமாகத் தூக்கிப் படுக்கையில் போட்டார்கள். படுத்ததும் தூங்கிவிட்டார்.

வேலைக்குக் கிளம்பும் நேரம். நாத்தனார் அவசரப்படுத்தினார். சுவிச்சக்கா தலையை வாரிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்தார். விசிறியை மெதுவாக வைத்தார். குனிந்து சுவரில் இருந்த பிளக்கையும் அணைத்தார். நினைத்துச் செய்யவில்லை. தினமும் அறை அறையாகச் செய்கிற கை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைப் போட்டார். அதே வெள்ளை எழுத்துகள், அதே ஊதாத் திரை. எழுத்துக் கட்டங்களைத் திறந்தால், அவர் எழுதியதையெல்லாம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மூடித் திறந்தார். அணைத்துப் போட்டார். என் கதவைத் தட்டினார். நானும் எனக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் தேடினேன். அவர் படுக்கையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் திரும்ப எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை.

அலுவலகத் தம்பிக்குப் போன் செய்தார். அவர் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “அக்கா, அது செருகி ஓட்டற வரைக்கும்தான். பெட்டிக்குள்ள எதுவும் பதியாது. அணைச்சா எல்லாம் போயிடும்.” எதையும் தொடாது என்று சொன்னதன் மறுபாதி அதுதான். சொன்னவர் கணினி தெரிந்தவர். அதற்குள் அவ்வளவும் அடங்கியிருப்பதாக நினைத்துவிட்டார். கேட்டவர் பயந்துபோயிருந்தவர். யாரைக் குற்றம் சொல்வது? அரைமணியில் ஓடிவந்து, ஏதாவது கிடைக்குமா என்று எதையெதையோ தட்டிப் பார்த்தார் அந்தத் தம்பி. கிடைக்காது என்று அவருக்கே தெரியும். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதிய சிஸ்டத்தைப் பெட்டியிலேயே ஏற்றி, இனி அணைத்தாலும் போகாது என்று இரண்டு முறை அணைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

சுவிச்சக்கா படுக்கையருகே போய் நின்றார். சுற்றி வளைக்கவில்லை. “நான்தாங்க அணைச்சேன். எல்லாம் போச்சு,” என்றார்.

வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு பொத்தானைப் பார்த்தார். விரலுக்கடியில் வைத்ததும் எழுதத் தொடங்கினார். அழித்தார், எழுதினார். நானும் நாத்தனாரும் பக்கத்தில் நின்றோம். அந்தச் செத்த குரல் சொன்னது: “கடைசில என் வாய்க்கு சுவிச்ச கண்டுபிடிச்சிட்டே.”

அவர் கண் சிரித்தது. சுவிச்சக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல் கத்தி அழுதார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது அன்றுதான்.

மறுபடி எழுதச் சொல்லிக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அவரும் முயன்றார். ஆனால் அந்த மூன்று நாளில் விரலில் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டிருந்தார். ஒரு காலை முழுக்க அழுத்தி வந்த வரி: “எங்க ஆரம்பிச்சேன்னு தெரியல.” அதற்குப் பிறகு விரல் அசையவில்லை. பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பேசத்தான் ஆள் இல்லை.

இப்போது கண் மட்டும் இருக்கிறது. வேலைக்குக் கிளம்புமுன் சுவிச்சக்கா தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். எங்க அம்மாவப் பத்தி எழுதினீங்களா? கடைசி பஸ்ஸத் தவற விட்டோமே, அதப் பத்தியா? ஆமாம் என்றால் ஒரு முறை, இல்லை என்றால் இரண்டு முறை. கேள்வி தீர்ந்துபோகக் கூடாதே என்று பயந்து பயந்து கேட்கிறார். நேற்று நான் அவருக்குப் பால் வாங்கிக் கொடுக்கப் போனபோதும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

“என்னத் திட்டித்தானே எழுதினீங்க?”

ஒரு முறை மூடித் திறந்தார்.

“நெறையவா?”

அதற்கும் ஆமாம். சுவிச்சக்கா சிரித்துக்கொண்டே அவர் போர்வையைச் சரிசெய்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார். “நல்லதா ஒரு வார்த்தையாவது இருந்துச்சா?”

அவர் கண்ணை மூடினார். திறந்தால் ஆமாம். திறந்து இன்னொரு முறை மூடினால் இல்லை. சுவிச்சக்கா குனிந்தபடி காத்துக்கொண்டிருந்தார். நானும் பால் பாத்திரத்தோடு நின்றேன். அவர் மூச்சு சீராக வரத் தொடங்கிய பிறகுதான் தூங்கிவிட்டார் என்று புரிந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது. சுவிச்சக்கா நாத்தனாரிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். விளக்கு சுவிச்சின் மேல் கையை வைத்தார், எடுத்தார். பட்டப்பகலில் அந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கினார்.