அடுப்பில் இருந்த சாம்பல்

திருவள்ளூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வணிக வளாகம் கட்டுவதற்காக ஒரு பழைய துணிக்கடையை இடித்துத் தோண்டியபோது செங்கல் தரை தட்டுப்பட்டது. கட்டட வேலை நின்றது, எங்கள் அகழாய்வு தொடங்கியது. சோழர் காலத்து வீடு என்று செங்கல் அளவை வைத்துச் சொன்னோம்.

தரையின் மூலையில் ஒரு மண் அடுப்பு. பானை உட்காரும் குமிழ்கூட உடையவில்லை. உள்ளே சாம்பல் அப்படியே இருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய தானியம் மிதந்து வரும். அரிசியா, வரகா, கொள்ளா என்று தெரிந்துவிடும். அந்த வீட்டில் கடைசியாக என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். குழியில் பழங்காசு கிடைத்தபோதுகூட இவர் இப்படித் துள்ளவில்லையே என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். என் மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடம்பத்தூர் வீட்டில் பால் காய்ச்சுவதோடு சரி, மற்றதெல்லாம் பார்சல்தான். யாரோ ஒருத்தி சமைத்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

படம் எடுத்து, வரைந்து முடிப்பதற்குள் வியாழக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது. சாம்பலை மறுநாள் எடுக்கலாம் என்று தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ரயிலேறினேன்.

காலையில் வந்து தார்ப்பாயை விலக்கினால் அடுப்பு பளிச்சென்று இருக்கிறது. சாம்பலைக் காணோம். ஈரச் சாணம் மெழுகி, மூன்று குமிழிலும் மஞ்சள் குங்குமம்.

"யாரும்மா இதப் பண்ணது?" என்று கத்தினேன்.

"நான்தான் சார்," என்றார், எல்லோருக்கும் முன்பே வந்து குழியைப் பெருக்கி வைக்கும் அம்மா. "வெள்ளிக்கெழம அதுவுமா அடுப்புல சாம்பல வச்சிக்கினு இருந்தா ஊடு வெளங்குமா? அதான் வாரிக் கொட்டிட்டு மெழுகிட்டேன்."

கொட்டிய இடத்தைக் காட்டினார். தோண்டிய மண்ணைக் குவித்திருந்த மேடே அங்கே இல்லை. எங்கேயோ பள்ளம் ரொப்ப விடிந்ததும் லாரி அள்ளிக்கொண்டு போயிருந்தது.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் கத்தி ஓய்ந்து குழி ஓரத்தில் உட்கார்ந்ததும் அவரே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"அந்தச் சாம்பல்ல அப்டி இன்னா சார் இருந்துச்சி?"

"அந்த வீட்ல கடைசியா என்ன சமைச்சாங்கன்னு தெரிஞ்சிருக்கும்மா."

"அத்தத் தெரிஞ்சிக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்கோ? உங்க ஊட்டம்மா கடைசியா இன்னா ஆக்கிப் போட்டாங்கோ, அத்த நெனச்சிக்கினா போதாதா?"

தண்ணீரைக் குடித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில் அவள் அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. தட்டை என் கையில் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. நான் முழுவதும் சாப்பிட்டதும்கூட. தட்டில் என்ன இருந்தது என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.