நகராத கரும்பு வண்டி

சார்லஸைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு முடிகிறதோ பார்ப்போம்.

நெல்லிக்குப்பத்துக்காரன். அப்பா மாட்டுவண்டியில் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர். பாலிடெக்னிக்கில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். படிப்பில் என்னைவிட மட்டம். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. நாங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கேம் செய்யப் போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். என் கேம் ஒரு துப்பாக்கியும் பாதிச் சுவருமாக அப்படியே நின்றுபோனது.

அதனால் கடலூரில் 'ஞானசேகரன் கேம்ஸ்' என்று சிடி வாடகைக் கடை வைத்தேன். அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு சிடிக்கும் ஒரு அட்டை. அது என்ன கேம் என்று அதில் ஒரே வரியில் எழுதுவேன். 'பிரேக் இல்லாத கார்.' 'முதலில் ஓடுங்கள், அப்புறம் சுடுங்கள்.' எழுதிய கையோடு பின்பக்கம் தேதி முத்திரை குத்துவேன், எது புதுசு என்று எனக்குத் தெரிய. வருகிறவர்கள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், என் வரியைத்தான் படிப்பார்கள்.

2010 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சார்லஸ் சிடியோடு வந்தான். அவன் கேமை முடித்துவிட்டான்.

"மச்சான், வெள்ளிக்கெழம சிதம்பரத்துல ஒரு காலேஜ்ல எக்சிபிஷன். கேம் பக்கத்துல ஒரு வரி எழுதி வைக்கணுமாம். நான் சொல்ல ஆரம்பிச்சா அரை மணி நேரம் ஆவுது, கேக்கறவன் எழுந்து போயிடறான். நீ எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனான்.

போட்டுப் பார்த்தேன். ஆலை வாசலில் கரும்பு வண்டிகளின் வரிசை. நடுவில் நம் வண்டி. எந்தப் பட்டனை அழுத்தினாலும் நகராது. பாயின்ட் இல்லை, எதிரி இல்லை. வெயில் ஏறுகிறது, கரும்பு காய்கிறது. பக்கத்து வண்டிக்காரர் பக்கம் திரும்பி என்டரைத் தட்டினால் அவர் தன் மாட்டைப் பற்றியும் மகளைப் பற்றியும் பேசுகிறார். கடைசியில் நம் முறை வந்து கேட் திறக்கும்போது உள்ளே போக மனம் வரவில்லை.

உடனே எழுதினேன்: 'வண்டி நகராது. பக்கத்து வண்டிக்காரரிடம் பேசிப் பாருங்கள்.' பழக்கதோஷம், முத்திரையும் குத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. கேம் அவனுடையது, எனக்கு வெறும் வரி. வயிறு எரிந்தது. அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இன்னொன்றில் 'கரும்பு வண்டிப் பந்தயம்' என்று எழுதினேன்.

சார்லஸ் படித்துவிட்டுத் தயங்கினான். "பந்தயம் இல்லியே மச்சான்?"

"இப்டிப் போட்டாதான் ஜனம் வரும். எனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னா சரிதான்."

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன், முதல் அட்டையும் என் பையில்தான் இருந்தது. ஜனம் வந்தது. பந்தயம் என்று நம்பி உட்கார்ந்து பட்டன்களைக் குத்திப் பார்த்து, "ஹேங் ஆயிடுச்சுண்ணா" என்று எழுந்து போனது. இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் சார்லஸ் ஸாரி சொன்னான். மதியம் என்னிடம், "உன் வரி நல்லாதான் இருக்கு மச்சான். என் கேம்தான் மட்டம். இனிமே இந்த வேலையே வேணாம்" என்றான்.

இதைக் கேட்கத்தான் ஆசைப்பட்டிருந்தேன். கேட்டபோது அவன் முன்னால் நிற்க முடியவில்லை. வராண்டாவுக்குப் போய், அப்போதுதான் எழுதியவன் மாதிரி திரும்பி வந்து, பந்தய அட்டையை எடுத்துவிட்டு முதல் அட்டையை வைத்தேன்.

அதற்கப்புறம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் வரிசை நின்றது. சார்லஸ் என்னைக் கட்டிக்கொண்டான். "எப்டி மச்சான் நின்ன எடத்துல இப்டி எழுதற?" அப்போதும் எனக்கு எரிச்சல்தான். அந்த வரிசை எனக்காக நிற்கவில்லையே.

சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டும்போது அட்டையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்தான். திருப்பினான். ஊதா மையில் 16-2-2010.

"செவ்வாக்கெழம" என்றான். என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்து ஒயரைச் சுற்றினேன். அட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. புதுச்சேரியில் ஒரு கேம் கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் போய்ப் பார்த்தேன். அந்த அட்டை மேசைமேல் இருக்கிறது, முன்பக்கம் தெரிகிற மாதிரி. கூட வேலை செய்கிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினான்.

"இந்த வரிய எழுதினவரு இவர்தான். ஞானசேகரன். கடலூர்ல கடை வச்சிருக்காரு."