ஆணியில் தொங்கிய சாவி

அப்பாவின் அலுவலக ஆவண அறைச் சாவி எங்கள் வீட்டுக் கூடத்து ஆணியில்தான் தொங்கும். அரசாங்கச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியைக் காட்டிப் பின்னாளில் நானே பலரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அப்பா வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்பினார். சாவி பூட்டுக்குள் போகிறது, திரும்பவில்லை. மதியம் மேலதிகாரியின் ஆய்வு. பூட்டை உடைப்பதென்றால் சாட்சி வைத்து மகஜர் எழுத வேண்டும். அதன் பின்னாலேயே சஸ்பெண்ட் உத்தரவு வரும்.

"யாரோ சாவிய மாத்திருக்காங்க" என்றார்.

அந்த 'யாரோ' எங்கள் வீட்டில் இரண்டு நிமிடம்கூட நிலைக்கவில்லை. தினமும் கூலிக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் அக்காவின் புருஷன், பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவுகிறவர். அது போதுமானதாக இருந்தது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த வேலைக்குத்தான் போனார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"பாப்பா, நேத்து தண்ணி ஊத்த வந்தப்ப அவ ஆணிப் பக்கம் போனாளா?" என்று அம்மா கேட்டாள்.

"போனாங்க. சாவி மேல கைய வச்சாங்க."

நான் பொய் சொல்லவில்லை. அம்மா கேட்டு முடித்தபோது அந்தக் கை எனக்குத் தெரிந்தது, பச்சைக் கண்ணாடி வளையல் உட்பட.

அப்பா போலீசுக்கு மனு எழுத உட்கார்ந்தார். சந்தேகப்படும் நபர் என்று எழுதி அவள் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தபோது, அவளே குடத்தோடு வந்து நின்றாள். அம்மா வாசலிலேயே அவளை மடக்கிச் சாவியைப் பற்றிக் கேட்டாள்.

"சத்தியமா நான் எடுக்கலக்கா. அடுப்படிக்குப் போற வழியில நீங்க ஆணி அடிச்சா நான் என்ன செய்ய?"

"உன் புருசனுக்கு ஒரு சாவி ராவ எம்புட்டு நேரமாகும்?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் பெரியப்பாவின் சைக்கிள் வந்து நின்றது. தோல் கிடங்கு வைத்திருந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. உட்கார்ந்தால் இடுப்பில் குத்துகிறது என்று கிடங்குச் சாவியையும் அதே ஆணியில்தான் மாட்டுவார். இரண்டு சாவியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

"ஏலே தம்பி, கிடங்கு தெறக்க மாட்டேங்குது. வாட்ச்மேன் பய சாவிய மாத்திட்டான். ஸ்டேஷனுக்குப் போறேன், ஒரு மனு எழுதிக் குடு."

அவர் கையில் இருந்தது ஆவண அறைச் சாவி.

அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்ததை நான் கண்ணாரப் பார்த்தேன். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

"மறந்து எடுத்துட்டுப் போயிட்டீங்களாண்ணே?" என்று கேட்டு அப்பா சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். ஆய்வு நல்லபடியாக முடிந்தது. எழுதிய மனு அடுப்புக்குள் போனது. அம்மா அந்த அக்காவுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து, "மனசுல வச்சுக்காத" என்றாள். வாட்ச்மேனுக்கு யாராவது காபி கொடுத்தார்களா என்று தெரியாது.

மறுநாளிலிருந்து அக்கா, தண்ணீரை ஊற்றியதும் காலிக் குடத்தை என் முன்னால் கவிழ்த்துத் தட்டுவாள். முந்தானையை ஒரு முறை உதறுவாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "பாத்துக்க பாப்பா" என்பாள்.

அது எனக்காக அவள் கண்டுபிடித்த புது விளையாட்டு என்று நினைத்தேன். நானும் சிரித்துக்கொண்டே என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன்.