டிரெய்லர் பிரேக் யார் கையில்

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. என் தங்கையின் வீட்டுக்காரர் எங்கிருந்தோ இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்தார். அவர் ஏரிக்கரையில் இறால் சேர்ப்பது, நான் அதை ஐஸ் போட்டு மீஞ்சூர் ரயிலடிக்கு இழுத்துக்கொண்டு போவது என்று ஏற்பாடு. ஊரில் எல்லோரும் அதை இறால் வண்டி என்றுதான் நினைத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு இன்னொரு வேலை காத்திருந்தது.

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அந்த முறை பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போனார்கள். வழியில் கால்வாய்ப் பாலத்தின் இறக்கத்தில் மாடுகளால் பாரத்தைத் தாங்க முடியவில்லை. வண்டி தறிகெட்டு ஓடி, தூக்கிப் போட்டதில் எல்லாம் முடிந்தது. இந்தத் தடவை நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வலி வரும் வரை காத்திருக்கக் கூடாது, படுத்த வாக்கில், குலுங்காமல் முன்கூட்டியே வந்துவிட வேண்டும். ஜீப்புக்குள் கால் நீட்டிப் படுக்க இடமில்லை. டிரெய்லரில் படுக்கலாம். ஆனால் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. நான் ஜீப்பை நிறுத்தினால் அது பின்னாலிருந்து முட்டித் தள்ளும்.

மீஞ்சூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். அவரிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று, டிரெய்லர் முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளலிலேயே தானாகப் பிடிப்பது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் வண்டியைப் பின்னுக்குத் தள்ளினாலும் அது பிடித்துக்கொள்ளுமாம். படகிலிருந்து இறால் ஏற்ற டிரெய்லரைத் தண்ணீர் ஓரம் வரை பின்னுக்குத்தான் தள்ளியாக வேண்டும். ஆசைப்பட்டதை அங்கேயே விட்டுவிட்டு, கையால் இழுக்கும் லிவர் வகைக்கு வந்தோம்.

லிவரை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. என் சீட்டுக்குப் பக்கத்தில் என்றேன் நான். டிரெய்லரின் பின்கோடியில் என்றார் மாப்பிள்ளை.

"படகுல பின்னாடி இருக்கறவன்தான மச்சான் படக ஆள்றான்? முன்னாடி குந்தினவனுக்குப் பின்னாடி இன்னா நடக்குதுனு எப்டித் தெரியும்?"

"இது படகு இல்லய்யா!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவருக்கோ கத்தினால் சிரிப்பு வரும். அது என் கோபத்தை இன்னும் கிளறும். கடைசியில், டிரெய்லர் அவருடையது என்பதால் லிவர் பின்கோடிக்குப் போயிற்று.

ஈர மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு முதல் சோதனைக்குப் புறப்பட்டோம். பாலத்து இறக்கத்தில் "இழு, இழு" என்று நான் கத்தக் கத்த, மாப்பிள்ளை லிவரைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். டிரெய்லர் தள்ளியதில் ஜீப் சாலையை விட்டு இறங்கி, கருவேல முள்ளுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. இறங்கிப் போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்யா இழுக்கல?"

"தானா நின்னுடும்னு பாத்தேன் மச்சான்" என்றார், நிஜமாகவே குழம்பிப்போய்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. பிறந்ததிலிருந்து அவர் எந்தப் படகையும் நிறுத்தியதில்லை. துடுப்பை எடுத்துவிட்டு ஓடவிட்டால் அது மணலில் ஏறித் தானாக நிற்கும். அங்கேயும் மணலுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். முள் குத்திய கையோடு இரண்டு பேரும் சிரித்து மாய்ந்தோம். சிரித்து முடித்ததும் தங்கையின் நினைவு வந்தது. ஜீப்பை முள்ளிலிருந்து எடுத்து, மெதுவாக ஓட்டி வீடு திரும்பினோம்.

மறுநாளிலிருந்து மாப்பிள்ளை ஆளே மாறிவிட்டார். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுவார். உள்ளே பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் உரசும் வரை திருகை முறுக்கி, உரசல் நிற்கும் வரை கொஞ்சம் தளர்த்துவார். இரண்டு சக்கரமும் ஒன்றுபோலப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும். லிவரில் பிரேக் கம்பியை ஆணி போட்டு மாட்ட மூன்று துளைகள் இருந்தன. மேல் துளையில் ஆணியைப் போட்டால் பிடி பலம், முழு பாரத்துக்கு அதுதான் சரி. அதே பிடியில் காலி டிரெய்லரை இழுத்தால் சக்கரம் சுற்றாமல் இறுகி, டிரெய்லர் உதறும். கீழ்த் துளையில் போட்டால் பிடி மிருது. தங்கைக்கு எந்தத் துளை என்பதுதான் எங்கள் கேள்வி.

அவள் ஒருத்தியை மட்டும் ஏற்றினால் டிரெய்லர் துள்ளும் என்பதால் அடியில் சில மணல் மூட்டைகள், மேலே வைக்கோல், அதற்கு மேல் மெத்தை என்று முடிவானது. அவள் இடத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய குடத்தை வைத்துக் காலைகளில் ஓட்டிப் பார்த்தோம். மெத்தை நனைந்து வந்தால் ஆணி வேறு துளைக்கு மாறும். தங்கை வாசலில் நின்று கிண்டல் செய்வாள்.

"குடத்துக்கு மசக்கையா இல்லியானு கேட்டுட்டு வாங்க."

கேலியெல்லாம் பேசினாளே தவிர, ஒரு நாளும் டிரெய்லர் பக்கம் வந்ததில்லை. அவளுக்குப் பயம். அது எனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். கடைசியில் நடுத் துளையில் மெத்தை காய்ந்தபடி திரும்பியது.

ஒன்பதாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நாள் நல்ல வெயில். தங்கை பின்பக்கம் தலை வைத்துப் படுத்தாள். தலைமாட்டில் லிவரோடு மாப்பிள்ளை. ஜீப்பின் மேல் கித்தானைக் கழற்றியிருந்ததால் அவர்கள் பேச்சு எனக்குக் கேட்டது. பாலம் தெரிந்ததும் பேச்சு நின்றுபோனது. நான் கியரைக் குறைத்தேன்.

ஏற்றத்தில் ஏறி, இறங்கத் தொடங்கினோம். பின்னாலிருந்து ஒரு பிடி விழுந்தது. உதறல் இல்லை, குலுக்கல் இல்லை. இறுகிக்கொண்டே வந்து, ஜீப்பையும் சேர்த்து இறக்கத்தின் நடுவில் நிறுத்திவிட்டது. இன்ஜின் திணறி அணைந்தது.

"யோவ் மாப்ள, இன்னாய்யா ஆச்சு?" என்று திரும்பினேன்.

அவருடைய இரண்டு கைகளும் காலியாக இருந்தன. லிவர் தங்கையின் கையில்.

"நான்தாண்ணா. போன வாட்டி இங்கதான் நிறுத்து நிறுத்துனு கத்துனேன். யாராலயும் நிறுத்த முடியல. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

நின்றோம். மாப்பிள்ளை முகத்தைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவளே கொஞ்சம் கொஞ்சமாக லிவரை விட்டாள். சக்கரம் அசைந்தது.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தபோதும் தங்கை டிரெய்லரில்தான் வந்தாள், மடியில் குழந்தை, ஒரு கையில் லிவர். பாலம் வந்ததும், நிறுத்துவாள் என்று நினைத்து நானாகவே வேகத்தைக் குறைத்தேன்.

"ஏண்ணா மெதுவா போற?" என்றாள். "பாப்பாவுக்குப் பசிக்குது, போ."