குள்ளம்மா, பஸ் வந்துடுச்சு!

எங்கள் கல்லூரியிலேயே உயரமான பெண்ணின் பெயர் குள்ளம்மாள். சிரிக்காதீர்கள், சிரித்தவர்களை அவள் மறப்பதில்லை. அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைத்தபோது இவள் ஒரு முழம்தான் இருந்தாளாம். பென்னாகரம் பக்கத்தில் காலையில் ராகிக் காட்டில் களையெடுத்துவிட்டு, பஸ்ஸைத் துரத்திப் பிடித்து வருகிற வரலாற்று மாணவி. வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் அத்தனை உயரமும் பெஞ்சுக்கு அடியில் போய்விடும். பக்கத்தில் உட்காரும் பானுமதியாகிய எனக்கு அது நன்றாகத் தெரியும்.

போன மாதம் மூன்று நாள் நாடகப் பட்டறை. பல கல்லூரிகளிலிருந்து நாற்பது பேர். அவள் பெயர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பயிற்சியாளர் நிர்மலாதேவி வட்டமாக நிற்கவைத்தார். ஒவ்வொருவரும் நடுவே குதித்து, ஒரு செய்கையோடு பெயரைக் கத்த வேண்டும். எல்லாரும் அதையே திருப்பிச் செய்ய வேண்டும். ஒளிய இங்கே பெஞ்சும் இல்லையே என்று அவளைப் பார்த்தேன். அவளோ குதித்து, கையைச் சுழற்றி, "நிவேதா!" என்றாள். நாற்பது பேரும் "நிவேதா!" என்றார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாவி, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள் வேறு.

மறுநாள் நாடகத்தை நாங்களே கட்டினோம். ஊரில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பரீட்சைக்குப் போகிற பெண் ஒருத்தி மறித்து நிறுத்துகிறாள். அந்தப் பெண் இவள்தான். எட்டுப் பேர் பிடித்த கயிறுதான் பஸ். நான் அதன் ஹாரன். நடிப்பவர் பெயரே பாத்திரத்துக்கும். முதுகைக் காட்டிக் களையெடுத்துக்கொண்டிருப்பவள், தோழியாக நடிக்கும் மெஹ்ஜபீன் கூப்பிட்டதும் திரும்பி ஓட வேண்டும்.

"நிவேதா, பஸ் வந்துடுச்சு!"

யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் ஒரு கணம் கழித்துத்தான் திரும்பினாள். பஸ் போயே விட்டது. மூன்று முறையும் அதே கதை.

"கடைசியா ஒரு தடவை. முடியலன்னா மெஹ்ஜபீன் பண்ணட்டும்" என்றார் நிர்மலாதேவி.

அவள் கண் கலங்கிவிட்டது. நான்காவது முறையும் கயிறு நெருங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏய் குள்ளம்மா! பஸ் வந்துடுச்சுடி!"

விருட்டென்று திரும்பினாள். நாலே எட்டில் பஸ்ஸுக்கு முன்னால் வந்தாள். கைகளை விரித்து நின்ற வேகத்தில் பஸ்ஸே ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தது!

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "யாரும்மா குள்ளம்மா?" என்று கேட்டார் நிர்மலாதேவி. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாந்தானுங்க. எங்க வூட்ல வெச்ச பேரு."

யாரும் சொல்லாமலே நடுவே குதித்தாள். நுனிக்காலில் எம்பி, கையை உயர்த்தி, "குள்ளம்மாள்!" என்றாள். நாற்பது பேரும் நுனிக்காலில் எம்பினோம்.

ஆனால் என்னோடு பேச்சில்லை.

மூன்றாம் நாள் எங்கள் நாடகத்தைப் பார்க்க அரங்கில் முந்நூறு பேர். அவள் குனிந்து களையெடுக்கிறாள். கயிறு பஸ் வருகிறது. மெஹ்ஜபீன் வாயைத் திறப்பதற்குள், நாடகத்தில் அவள் பெயரை நாலைந்து முறை கேட்டிருந்த கூட்டம் பதறிப்போய்க் கத்தியது:

"குள்ளம்மா, பஸ் வந்துடுச்சு!"

திரும்பினாள். ஓடினாள். பஸ் நின்றது. கைதட்டல் அடங்கவே இல்லை.

மூச்சிரைக்க என்னிடம் வந்தாள்.

"ஹாரன் அடிக்க மறந்துட்டியாடி?"

மறந்துதான் போனேன். நானும் அவள் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தேன்.