1004 திறந்து வைத்திருந்த ஃபைல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். போன மார்ச்சில், கள்ளக்குறிச்சியில் என் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில், பட்டப்பகலில் நடந்தது. இப்போதும் அந்த எடிட்டிங் அறையில் நான் தனியாக உட்காருவதில்லை.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்கும்போது மணி 2.05. வாசலில் எழில்மதி கைக்குழந்தையோடு நின்றாள். என் எடிட்டர் அரங்கநாதனின் மனைவி. அவன் கரியாலூர் மலைப்பாதையில் பைக் விபத்தில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“எங்க கல்யாண வீடியோ வோணும் பாய். எங்க பென்டிரைவ் கெட்டுப்போச்சு. புள்ள அவரு போனப்புறம் பொறந்தது. அவரு கொரலு அதுல மட்டுந்தான் இருக்குது.”

டிஸ்க் நிறைந்தால் இரண்டு வருடம் தாண்டிய கல்யாணங்களை அழிப்பது எங்கள் வழக்கம். முந்தின நாள் மாலைதான் மொத்தமாக அழித்திருந்தேன். யார் கல்யாணம் என்றுகூடப் பார்க்கவில்லை, மடையன்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். எங்கள் சர்வரில் ஓடுவது லினக்ஸ். அதில் ஒரு கோளாறான ஏற்பாடு உண்டு. ஃபைலை அழித்தால் பெயர்தான் போகும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை உள்ளே இருப்பது டிஸ்கிலேயே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, இடத்தையும் விடாது. இப்படிச் செய்து வைத்தவர்களை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்று அதுதான் ஒரே நம்பிக்கை. ஆனால் மெஷின் ஒரு தடவை அணைந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

டிஸ்கைப் பார்த்தேன். அழித்தும் இடம் காலியாகியிருக்கவில்லை; ஏதோ ஒன்று இன்னும் திறந்தே இருக்கிறது.

2.17. எந்த ஃபைலை யார் திறந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தேன். அந்த வீடியோ இருந்தது. திறந்தவர் பெயருக்குப் பதில் வெறும் எண்... 1004.

சர்வரில் அரங்கநாதனின் லாகின் எண். அவன் இறந்ததும் அந்த லாகினை நானே நீக்கியிருந்தேன்; நீக்கினால் பெயர் போய் எண் மட்டும்தான் தெரியும்.

உடனே அந்த வீடியோவை வேறு டிஸ்குக்குக் காப்பி எடுக்க ஆரம்பித்தேன்.

டிக்... டிக்...

பின்னால், அவன் டேபிளில் மௌஸ் சத்தம்.

நாற்காலி காலி.

2.41. காப்பி முடிந்தது.

“எடுத்துட்டேன் அரங்கா... வுட்டுடு.”

சத்தம் நின்றது. பட்டியலில் 1004 இல்லை.

எழில்மதி அந்தக் குரலைக் கேட்டு அழுதாள். நானும்தான்.

சாயங்காலம் மச்சான் பைரோஸ் வந்தான். காலையில் கடை திறப்பது அவன்தான். நான் எதுவும் சொல்வதற்கு முன் அவனே சொன்னான்.

“நேத்து ராத்திரி கரண்ட் போயி யுபிஎஸ்ஸும் தீந்துபோச்சு மச்சான். நாலு மணி நேரம் சர்வரு ஆஃப்ல கெடந்துச்சு. காலையில நாந்தான் போட்டேன்.”